மழைக்கு எடுத்து வைத்த மாத்திரை

எங்கள் மலையில் மே மாதம் கழிவதற்குள் வீட்டை நிரப்பிவிடுவோம். விறகைப் பிளந்து சாய்ப்புக்குக் கீழே அடுக்கிவிடுவோம். அரிசியும் கேழ்வரகும் டிரம்மில் ஏறிவிடும். கருவாடு பானைக்குள் போய், வாயைத் துணி போட்டுக் கட்டிவிடுவார்கள். பலாக்கொட்டையைச் செம்மண்ணில் புரட்டிச் சமையல்கட்டு மூலையில் குவித்து வைத்தால் நெடுநாள் கெடாது. அப்புறம் மழை எத்தனை நாள் பிடித்தாலும், கொண்டை ஊசி வளைவில் பாறை உருண்டு பஸ் நின்றுபோனாலும், கூலி இல்லாத வாரங்கள் அடுத்தடுத்து வந்தாலும், அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டில் கையிருப்பு இருக்கிறது என்று பெண் சொல்லிவிட்டால் அந்த வீட்டு ஆண் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டான்.

என் மனைவி தன்னுடைய மாத்திரையையும் அப்படித்தான் எடுத்து வைத்தாள். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. வெயில் காலத்தில் பாதி போட்டுக்கொண்டு, மீதிப் பாதியை மழைக்கு என்று சேர்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் என் கை தானாக நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்க்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஏற்காடு டவுனில் ஒரு லாட்ஜில் வேலை. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் வெந்நீர் பாய்லருக்கு விறகு போடுவேன். குழாய் ஒழுகினால் கட்டுவேன். ரூம் காலியானால் கூட்டித் துடைப்பேன். வீடு கொட்டச்சேட்டுப் பக்கம், ஒரு காப்பி எஸ்டேட்டை ஒட்டினாற்போல. மனைவி அந்த எஸ்டேட்டிலேயே களை எடுக்கவும், பழம் பறிக்கவும், மிளகு பறிக்கவும் போவாள். ஒரே மகள், டவுனில் ஹைஸ்கூல் படிக்கிறாள். சித்திரை, வைகாசியில் கீழேயிருந்து ஜனம் வெயிலுக்கு ஓடிவரும். லாட்ஜில் ரூம் நிறைந்திருக்கும். போகிறவர்கள் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். மழை தொடங்கினால் பாதி ரூம் பூட்டிக் கிடக்கும். எனக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருக்கும். எங்களுக்குப் பணம் என்றால் அது வெயில் காலத்துப் பணம்தான்.

அந்த நோய் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு பனிக்காலத்தில். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள் இடுப்பில் கட்டிய பையோடு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி வந்து கத்தியிருக்கிறார். இவளுக்குக் காது கேட்கிறது, கை எழவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து கேட்டேன்.

"என்ன புள்ள, மேலுக்குச் சரியில்லையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்லீங்க. உள்ளுக்குள்ள யாரோ அடுப்புல தண்ணிய ஊத்தி அணைச்சுப்போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

மந்திரித்தோம். கயிறு கட்டினோம். சேர்வராயன் சாமி குகைக்குள் குனிந்து போய், மண்ணில் நெற்றி படக் கும்பிட்டேன். அவள் சோறு தின்னாமல் இளைத்துக்கொண்டே போனாள். கடைசியில் லாட்ஜ் மேனேஜர்தான், "யோவ், சாமியக் கும்பிடு, வேண்டாங்கல. கூடவே டாக்டரையும் பாருய்யா" என்று சேலத்தில் ஒரு டாக்டரின் விலாசம் கொடுத்தார். அந்த டாக்டர், "சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரை போட்டா கேக்கும். ஆனா நாளாகும், பொறுமை வேணும்" என்றார். அவர் சொன்னபடியே நாளாயிற்று. ஒரு நாள் காலையில் அவள், "பல்லு வெளக்குறதுக்கு இவ்வளவு நேரமாங்க? பஸ்ஸு என்ன உங்க மாமனார் ஊட்டுதா?" என்று என்னைத் திட்டினாள். நான் வாயில் பிரஷ்ஷோடு நின்று அழுதேன். அன்றைக்குச் சாயந்திரம் கற்பூரம் ஏற்றினேன். மாத்திரை செய்ததா, சாமி செய்ததா என்று நான் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போதும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த மாத்திரை விலை எங்களைக் கடித்தது. மாதம் பிறந்தால் டவுன் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற பணத்தில் அரிசியே வாங்கிவிடலாம் போலிருக்கும். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமான பாய். நல்ல மனுஷர். "இதே மருந்து வேற கம்பெனில கொறைஞ்ச வெலைக்கு வருதுங்ணா. டாக்டருகிட்டக் கேட்டு எழுதி வாங்கியாங்க, எடுத்துத் தாரேன். இல்லீன்னா சேலத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா சும்மாவே குடுக்குறாங்க" என்று அவரே சொன்னார். டாக்டரைப் பார்க்கக் கீழே போனால் ஒரு நாள் கூலி போகும், ரெண்டு பேர் பஸ் சார்ஜ் போகும், பீஸ் வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் ஒப்பவே இல்லை.

"அந்த வார்டு வாசல்ல போய் நின்னா நம்ம சனம் ஒண்ணாச்சும் பாக்குமுங்க. அப்புறம் புள்ளைக்கு மாப்பிள்ளை வந்தாப்பலதான். கிறுக்கி பெத்த புள்ளைன்னு சொல்லிப்போடுவாங்க."

அதனால் பழைய சீட்டையே காட்டி, பழைய விலையிலேயே வாங்கிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் மிளகு பறிப்பு நடந்தபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஏணியில் ஏறிக்கொண்டு கீழே நிற்கிறவர்களைக் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு நன்றாக இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. பிற்பாடு அவளே சொன்னாள். வெயில் காலத்தில் நோய் தூங்குகிறது. மூடுபனி இறங்கினால்தான் அது எழுந்துகொள்கிறது. தூங்குகிற நோய்க்கு எதற்கு முழு மாத்திரை? கையில் காசு இருக்கும்போது மாதாமாதம் வாங்கிவிட்டு, அரிவாள்மனையில் பாதியாக வெட்டி, ஒரு பாதியைப் போட்டுக்கொண்டு மறு பாதியைச் சேர்த்து வைத்தால், காசில்லாத மழை மாதங்களில் கடைக்கே போக வேண்டாம். அரிசிக்குச் செய்கிற கணக்குத்தான். தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சாமர்த்தியம் என்று தோன்றியிருக்கிறது. ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடி, கூரைக்கடியில் அட்டத்தில், பழைய பாய் சுருட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் மாதாமாதம் வாங்கிக் கொடுத்தேன். அவள் ராத்திரி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

வைகாசியில் மலையுச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழா. மலைக்கிராமமெல்லாம் கூடியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். குகைக்குள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பூசாரி அவள் கையில் திருநீறு போட்டார். அவள் அதைப் பூசிக்கொள்ளவில்லை. விரலைக்கூட மடக்கவில்லை. திறந்த கையிலிருந்து திருநீறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிப் பின்னால் நின்றவர்களின் காலில் விழுந்தது. "அம்மா, துன்னூறு கொட்டுதும்மா" என்று மகள் சொன்னாள். அவள் கையைப் பார்த்தாள். அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள். வெளியே வந்தபோது நல்ல வெயில். எனக்கு முதுகில் குளிர்ந்தது.

அதற்கப்புறம் நான் ஒன்றைக் கவனித்தேன். அவள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். லேட்டாக வந்தால் சோறு போட்டாள். சேற்றுக்காலோடு உள்ளே வந்தால் பேசாமல் துடைத்தாள். வேறு வீடாக இருந்தால் புருஷன் சந்தோஷப்பட்டிருப்பான்.

"ஏம்புள்ள, மாத்திரை போடுறயில்ல?"

"போடுறேனுங்க."

அது பொய்யும் இல்லை.

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மாதக் கடைசியில், மாத்திரை வாங்க வேண்டுமே என்று சட்டையை மாட்டினேன். "வேண்டாமுங்க, ஊட்டுல கையிருப்பு இருக்குது" என்றாள். நான் சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். மாதாமாதம் எண்ணி வாங்குகிற மாத்திரை எப்படிக் கையிருப்பாகும் என்று எனக்கு உறைக்கவில்லை. லாட்ஜில் பாதி நாள்தான் வேலை. கையிருப்பு என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது. ஆடியிலும் அதையேதான் சொன்னாள்.

அடுத்த வீட்டம்மா ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்ணா, உங்க ஊட்டம்மா அந்தக் கருப்புப் பொட்டைக்கோழிய எனக்கே குடுத்துப்போடுச்சுங்க. காசு வேண்டாம்னுருச்சு. நானா கேக்கலைங்க. நாளைக்கு நான் ஏமாத்தி வாங்கிட்டேன்னு ஒரு பேச்சு வரப்படாது பாருங்க."

"முட்டை வெக்கிற கோழிய எதுக்குக் குடுத்தா?"

"அதைத்தானுங்க நானும் கேட்டேன். நீயே வெச்சுக்கோ, எனக்கு எதுக்குன்னுச்சு."

இன்னொரு நாள் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, அம்மா என்னைய டிரங்குப் பெட்டியத் தொறந்து ரேஷன் கார்டு, பத்திரமெல்லாம் எங்க இருக்குதுன்னு திரும்பத் திரும்பக் காட்டுது. எனக்குத் தெரியும்மான்னாலும் வுட மாட்டேங்குது" என்றாள். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். "தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லதுதான கண்ணு" என்று முகம் காட்டாமல் சொன்னாள்.

சாமி கும்பிடுகிறவனுக்குச் சில சமயம் காரணம் தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது. பாய்லரில் விறகு வெடித்தால் திடுக்கிட்டேன். மாத்திரைக்கு வீரியம் போய்விட்டதோ, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "இந்த மழைலயாங்க? செலவுக்கு எங்க போறது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, சேர்வராயா, என்ன வரப்போகிறதோ அதை என் மேல் போடு, அவளை விட்டுவிடு என்று கேட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆவணியில், மூடுபனி பகலிலேயே டவுனை மூடியிருந்த ஒரு நாள், லாட்ஜ் மேனேஜருக்குத் தலைவலி மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கோ, வாங்கோ. நம்ம கடைப் பக்கம் ஆளையே காணோம். கீழ எவனாச்சும் சல்லிசாக் குடுக்குறானா? சொன்னா நானும் அவன்கிட்டயே வாங்கி விப்பேனுல்ல."

"அட, அதெல்லாம் இல்லீங்க பாய். ஊட்டுல கையிருப்பு இருக்குது."

"எந்த மாத்திரைங்ணா?"

"அவ மாத்திரைதானுங்க."

பாயின் சிரிப்பு நின்றது. கையில் இருந்த மாத்திரை அட்டையை மேஜை மேல் வைத்தார்.

"எப்படிங்ணா இருக்கும்? ஒரு மாசத்துக்கு மேல நான் உங்களுக்குக் குடுத்ததே இல்லியே. மழை புடிச்சதுல இருந்து நீங்க வரவே இல்ல. அப்படீன்னா அம்மா அதை ஒழுங்காப் போடல. போட்டிருந்தா மிச்சம் எங்கிருந்து வரும்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆனி, ஆடி.

"நான் டாக்டரில்லீங்ணா. ஆனா அந்த மாத்திரையத் திடுதிப்புனு கொறைக்கப்படாதுன்னு தெரியும். அதைவிட, மனசு சரியில்லாத ஆளு இருக்குற ஊட்டுல அத்தனை மாத்திரை சேந்து கெடக்குறது நல்லதில்லீங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க இதை மேனேஜருக்குக் குடுத்துப்போட்டு மொதல்ல ஊட்டுக்குப் போங்க. நாளைக்கில்ல. இப்பவே."

கருப்புக் கோழி, டிரங்குப் பெட்டி, கையிலிருந்து கொட்டிய திருநீறு எல்லாம் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஏதோ ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது, சாமி புண்ணியம். விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. முன்னால் என்ன வருகிறது என்று டிரைவருக்கே தெரியவில்லை. திருப்பத்தில் இறங்கி எஸ்டேட் வழியாக ஓடினேன். பாதி வழியில் பாதையின் நடுவே ஒரு காட்டுமாடு நின்றது. மூடுபனியில் முதலில் அதன் மூச்சுத்தான் கேட்டது. அப்புறம் வெள்ளைக் கால்கள் தெரிந்தன. ஓடினால் அது முட்டும். ஓடாமல் நின்றால் அங்கே வீட்டில் என்ன ஆகிறதோ. நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. "சேர்வராயா, வழி உடு சாமி. இன்னைக்கு மட்டும் வழி உடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போயிற்று.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே வீடு கூட்டி மெழுகின மாதிரி சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மகளுடைய பாவாடை தாவணி மடித்து வைத்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை.

அட்டத்துக்குப் போகும் ஏணியின் மேல் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சீசா. உள்ளே இருந்தது மாத்திரை மாதிரியே இல்லை. மழைக்காலத்து ஈரம் ஏறி, வெட்டின துண்டுகளெல்லாம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்புக் கட்டி போல அடியில் இறுகியிருந்தது. ஒரு கரண்டிக்காம்பால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள பண்றே?"

"மழைக்குன்னு எடுத்து வெச்சதுங்க. மழை வந்தப்புறமும் எடுக்க மனசு வராம பாதிதான் போட்டேன். கெட்டுப்போச்சு." கரண்டியை நிறுத்தவில்லை. "பஞ்சு வெச்சு இறுக்கமாத்தான் மூடினேன். எப்படிக் கெட்டுதுன்னு தெரியல. எவ்வளவு எடுத்தாப் பாதி, எவ்வளவு எடுத்தா முழுசுன்னு தெரியலீங்க."

"கீழ எறங்கி வா."

"போடாம உட்டதையெல்லாம் சேத்திப் போட்டுட்டா ஒரேடியாச் சரியாயிடுமோன்னு நெனச்சேனுங்க. அப்புறம், சரியாகாட்டியும் பரவால்லன்னு தோணுச்சு."

"போட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

நான் ஏணியில் ஏறி, அவளுக்குக் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, சீசாவைப் பிடித்தேன். அவள் விடவில்லை. பிடுங்கவும் எனக்குப் பயம். அவள் விரல்கள் மேல் என் கையை வைத்தபடியே நின்றேன். "எனக்கு எதுவும் வேண்டாம் புள்ள. காசு போனாப் போகுது. நீ என்னையத் திட்டிட்டு இருந்தாப் போதும்" என்றேன். வெகு நேரத்துக்கு அப்புறம் அவள் விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. சீசாவைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே கீழே போனோம். மகளை அடுத்த வீட்டம்மாவிடம் ஒப்படைத்தேன். "புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க" என்று அவர் சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்து, அவளை உள்பக்கம் உட்கார வைத்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் என்னைத் தாண்டி வெளியே, கீழே, ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

"உங்களுக்குச் செலவு வெச்சுட்டேனுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான் பேசினாள்.

இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். யார் பார்த்தால் என்ன என்று ஆகிவிட்டது. சின்ன வயசு லேடி டாக்டர். நான் சீசாவை மேஜை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நர்ஸிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அப்புறம் அவளிடம் நேராகவே கேட்டார், சாக வேண்டுமென்று தோன்றியதா என்று. நான் அந்தக் கேள்வியைக் கேட்க நடுங்கிக்கொண்டிருந்தேன். கேட்டால் நடந்துவிடும் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டி, ஆமாம் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

"காசு பத்தலன்னு எங்ககிட்டச் சொல்லியிருந்தா வழி பண்ணியிருப்போமேம்மா? கொறைக்கிறதா இருந்தாலும், நிறுத்துறதா இருந்தாலும் எங்களைக் கேட்டுத்தான் செய்யணும். வெயில் காலத்துல போட்ட மாத்திரைதான் மழைக்காலத்துல உங்களத் தாங்கும். சேத்து வெக்கணும்னா உடம்புக்குள்ள சேத்து வையுங்க."

"உடம்புல வெச்சாக் காசு மிச்சமாகுமுங்களா?" என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவள் கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் வார்டில் வைத்துக்கொண்டார்கள். நான் வராந்தாவில் படுத்திருந்தேன். அனுப்பும்போதுதான் டாக்டர் சொன்னார், இந்த நோய்க்குப் பார்க்கிற டாக்டர் மாதம் ஒரு தடவை மலை மேல் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே வருகிறார், மாத்திரை அங்கேயே சும்மா கிடைக்கும், கீழே வர வேண்டியதே இல்லை என்று. இத்தனை வருஷம் அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் மாதம் போனபோது வரிசையில் எங்களுக்கு முன்னால், அவளைப் பார்த்துக் கத்தின அதே எஸ்டேட் மேஸ்திரி நின்றார். எங்களைப் பார்த்ததும் சுவரில் ஒட்டியிருந்த கொசு போஸ்டரைப் படிக்கத் தொடங்கினார்.

ஆனால் டாக்டர் ஒரு கட்டளை போட்டிருந்தார். வீட்டில் மாத்திரை சேரக்கூடாது. வாரா வாரம் நான் போய் அந்த வாரத்துக்கு மட்டும் வாங்க வேண்டும். என் கையில்தான் இருக்க வேண்டும், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாத்திரை வேலை செய்து, சோறு இறங்கத் தொடங்கியது. கார்த்திகையில் பழம் பறிக்கப் போனாள். ஆனால் இந்தக் கட்டளையை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. மழை மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பில்லாத வீடு என்பது அவளுக்கு வீடே இல்லை.

"திடீர்னு ஆஸ்பத்திரில ஸ்டாக்கு இல்லைன்னுட்டா? உங்களுக்குக் காச்சல் வந்து படுத்துக்கிட்டா? பஸ்ஸு நின்னுட்டா?"

"நடந்து போய் வாங்கியாருவேன் புள்ள."

"இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்பாள்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எப்போதாவது இல்லையென்றால் சீட்டைக் காட்டி, அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும், விலை குறைந்த கம்பெனி மாத்திரையை அவர் தருவதாக ஏற்பாடு. டாக்டரும் சரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். முன்பு கொடுத்ததில் பெரும்பங்கு எனக்கு இப்போது மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதில்லை.

இப்போது மறுபடியும் மழை பிடித்திருக்கிறது. தினமும் ராத்திரி சோறு ஆனதும், சாமி விளக்குக்கு முன்னால், அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைக்கிறேன். விழுங்கிவிட்டு, சில நாள் நாக்கை நீட்டிக் காட்டி, "பாத்துக்கோங்க போலீஸ்காரரே, முழுங்கிட்டேன்" என்கிறாள். மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

நேற்று விழுங்கின பிறகு நாக்கை நீட்டவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை இருக்குதுங்க?" என்றாள்.

"வாரம் முடியற வரைக்கும் இருக்குது."

"எத்தனைன்னு கேட்டேன்."

"எதுக்குப் புள்ள?"

"சும்மாதானுங்க."

தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்டிருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். காலையில் கிளம்பும்போது சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். லாட்ஜில் பாய்லருக்கு விறகு தள்ளும்போது குனிகிற ஒவ்வொரு தடவையும் அது நெஞ்சில் குத்துகிறது. குத்துகிறபோதெல்லாம், இந்தச் சாயங்காலம் நான் வீட்டுக் கதவைத் தள்ளும்போது அவள் எனக்குக் குரல் கொடுக்க வேண்டும் சாமி என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கே அவளைக் கூட்டிவருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.